உமியில் உறங்கும் மின்சாரம்

2022ஆம் ஆண்டு பங்குனி மாதத்தின் கடைசி நாட்களை இந்நாட்டு மக்கள் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லையென்று ஆட்சியாளர் கையை விரித்தனர். டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வெயிலிலே வரிசையாக நின்றனர். பெரும்போக நெல் ஆலைகளுக்கு வந்து குவியும் பருவம் அது. மின்சாரம் இன்றி ஆலை நின்றால் நெல் கொள்வாரில்லை. நெல் கொள்வாரில்லையேல் கமக்காரனுக்குக் காசு இல்லை. ஆனால் நின்றுபோன அந்த ஆலைகளின் பின்புறத்திலே மலைபோல் குவிந்து கிடந்தது என்ன? உமி! எரிபொருளைக் கொல்லையிலே குவித்து வைத்துக்கொண்டு, எரிபொருள் இல்லையே என்று ஏங்கிய காட்சியை என்னென்பது!

விளக்கு மீண்டும் எரியத் தொடங்கியதும் இருளை மறப்பது மனித இயல்பு. ஆனால் இருள் எம்மை மறக்கவில்லை. 2025 மாசி 9ஆந் திகதி பாணந்துறையிலுள்ள உப மின் நிலையமொன்றில் நேர்ந்த தடங்கலினால் நாடு முழுவதும் ஒரே கணத்தில் இருண்டது. குரங்கொன்று மின் கம்பியிலே பட்டதே காரணமென்று அமைச்சர் விளக்கம் கூறினார். நுரைச்சோலை நிலக்கரி நிலையம் உடன் இயங்க மறுத்தமையால் அடுத்து வந்த நாட்களிலும் மின்வெட்டு நீடித்தது. இது மாசியின் கதை. சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக் காலத்திலோ, மின்சாரம் மிதமிஞ்சிவிட்டது, ஆதலின் கூரைகளிலுள்ள சூரிய மின் தொகுதிகளைப் பகல் வேளையில் நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபை வேண்டிக்கொண்டது. மாசியிலே போதாது, சித்திரையிலே வேண்டாம்! ஒரு கையின் விரல்விட்டு எண்ணக்கூடிய பெரு நிலையங்களிலும், அவற்றை இணைக்கும் நீண்ட கம்பிகளிலும் ஒரு தேசத்தின் தொழில் முழுவதையும் தொங்கவிட்டால் விளைவது இதுவே.

இந்நிலையில் நம்மவர் கண்ட பரிகாரம் யாது? வங்கியின் வாசலிலும், ஆஸ்பத்திரியின் முற்றத்திலும், கடையின் பின்கட்டிலும் டீசல் மின்பிறப்பாக்கி ஒன்றை நிறுத்திவைத்தமையே. ஆபத்துக்கு அது உதவும் என்பதை நாம் மறுக்கவில்லை. சத்திர சிகிச்சை நடக்கும் வேளையில் விளக்கு அணையுமாயின் சிக்கனம் பேசிப் பயனில்லை. ஆனால் அதனையே நிரந்தர வழியாகக் கொள்வது தகாது. ஒரு லீற்றர் டீசலை எரித்தால் நடுத்தர மின்பிறப்பாக்கி தருவது மூன்று முதல் மூன்றரை அலகு மின்சாரமே. அந்த டீசலிலுள்ள சக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு புகைக்குழாய் வழியாகவும் குளிர்நீர் வழியாகவும் வெப்பமாய் வெளியேறிக் காற்றிலே கலந்துவிடுகிறது. மேலும், செலாவணி இல்லாதபோது மின்சாரமும் இல்லை, டீசலும் இல்லை. 2022இல் மின்பிறப்பாக்கி வைத்திருந்தோரும் எரிபொருளுக்காக அலைந்ததை நாம் கண்டோம்.

எண்ணெயினால் வரும் வேறொரு கேட்டையும் யாழ்ப்பாணத்தார்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தின் எண்ணெய் நிலத்தடி நீரைக் கெடுத்த வழக்கிலே, பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுண்ணாம்புக் கல்லின் மேல் குடியிருந்து, கிணற்றையே நம்பி வாழும் குடாநாட்டில், சிந்தும் ஒவ்வொரு துளி எண்ணெயும் ஒருநாள் நம் வாளியிலே திரும்பி வரும்.

சூரிய ஒளியைக் கொண்டு மின்சாரம் ஆக்குவது நல்ல வழியே. நம் வெயிலுக்கு அது இயற்கையான வழியுங்கூட. ஆயினும் மின்வெட்டுக் காலத்தில் கூரையிலே தகடு பதித்தவர்களிற் பலர் ஓர் உண்மையைக் கண்டு திகைத்தனர். வெளிக் கம்பியிலே மின்சாரம் நின்றதும், நண்பகல் வெயிலிலும் அவர்தம் தொகுதி தானாகவே நின்றுவிட்டது. கம்பியைத் திருத்துவோரின் உயிர்காக்க அப்படித்தான் அது அமைக்கப்பட்டிருக்கிறது. மின்கலமும் தனித்தியங்கும் ஏற்பாடும் உடன் இல்லாவிடின், கூரைத் தகடு தேசிய மின்வலையமைப்பின் நிழலாகவே நடந்துகொள்ளும். இரவிலோ அதற்கு வேலையே இல்லை.

ஆகவே, வெப்பமும் மின்சாரமும் ஆகிய இரண்டையும் ஒருங்கே வேண்டி நிற்கும் தொழில்கள், அவ்விரண்டையும் ஒரே அடுப்பிலிருந்து தம் வளவிலேயே பெற்றுக்கொள்ளும் முறையை நாம் வற்புறுத்துகிறோம். இது புதிய கண்டுபிடிப்பன்று. 1882இல் எடிசன் நியூயோர்க் நகரிலே நிறுவிய முதல் மின் நிலையமே மின்சாரத்துடன் நீராவியையும் அயலவருக்கு வழங்கியது. பின்னர் நிலையங்கள் பெருத்தன. நகரங்களை விட்டு நெடுந்தூரம் சென்றன. வெப்பம் கொள்வாரின்றிக் கழிவாயிற்று. நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியின் வெப்பத்திற் பாதிக்கு மேற்பட்ட பங்கு கடலுக்கும் காற்றுக்குமே சேர்கிறது. மின்சாரத்தையும் வெப்பத்தையும் சேர்த்துப் பயன்கொள்ளும் இணை உற்பத்தி முறையிலோ எரிபொருளின் சக்தியில் நூற்றுக்கு 70 முதல் 80 வீதம் வரை பயன்படுத்தலாம்.

நம் நாட்டில் இம்முறைக்கு மிகப் பொருத்தமான இடம் அரிசி ஆலை. வடக்கிலும் கிழக்கிலும் நம்மவர் விரும்பி உண்பது புழுங்கல் அரிசி. நெல்லை அவிப்பதற்கு நீராவி வேண்டும். உலர்த்துவதற்குச் சூடான காற்று வேண்டும். குற்றுவதற்கும் தீட்டுவதற்கும் மின்சாரம் வேண்டும். நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. இன்று ஆலைகள் பலவற்றில் உமி தாழ் அழுத்தக் கொதிகலனில் எரிந்து நீராவியாகிறது. மின்சாரமோ பட்டியல் கட்டி வெளியிலிருந்து வாங்கப்படுகிறது. அந்த நீராவியை உயர் அழுத்தத்தில் ஆக்கி, முதலிலே ஒரு சுழலியைச் சுற்றவைத்து, அங்கு அழுத்தம் குறைந்து வெளிவரும் ஆவியை நெல் அவிக்கும் தொட்டிக்கும் உலர்த்திக்கும் செலுத்தினால் என்ன? நீரை ஆவியாக்குவதற்கே வெப்பத்தின் பெரும்பகுதி செலவாகிறது. அந்த ஆவியின் அழுத்தத்தை உயர்த்துவதற்கு அதற்குமேல் வேண்டுவது சிறிதளவே. எனவே சற்றே கூடுதலான உமியில் மின்சாரம் கிடைக்கிறது. நெல்லும் வழமைபோல் அவிகிறது.

கணக்குப் பார்ப்போம். மணிக்கு 2 தொன் நெல் குற்றும் ஆலையில் 400 கிலோ உமி கிடைக்கும். ஒரு கிலோ உமியில் ஏறக்குறைய 3,000 கிலோகலோரி வெப்பமுண்டு. கொதிகலனிலும் சுழலியிலும் நேரும் இழப்புகளைத் தாராளமாகக் கழித்தாலும் மணிக்கு 100 அலகு அளவில் மின்சாரம் எதிர்பார்க்கலாம். அந்த ஆலையின் இயந்திரங்களை ஓட்ட அது பெரும்பாலும் போதுமானது. எஞ்சும் வெப்பமோ அவிப்பதற்கும் உலர்த்துவதற்கும் இருக்கிறது. 2020ஆம் ஆண்டில் இந்நாட்டில் விளைந்த நெல் 50 இலட்சம் தொன்னுக்கு மேல். அதில் உமி மட்டும் 10 இலட்சம் தொன். கொதிகலனுக்கும், செங்கற் சூளைக்கும், கோழிக் கூட்டுக்கும் போக எஞ்சுவது வெளியில் எரிந்து வீணாகிறது, அல்லது மழையிலே மக்குகிறது.

குறைகளையும் மறைக்காது கூறுவதே முறை. ஆண்டிலே சில மாதங்கள் மட்டும் ஓடும் சிற்றாலைக்குச் சுழலியில் இடும் முதல் எளிதில் மீளாது. உயர் அழுத்தக் கொதிகலன் விளையாட்டுப் பொருளன்று. தேர்ந்த தொழிலாளரும் தவறாத பரிசோதனையும் அதற்கு வேண்டும். தொழிற்சாலைக் கட்டளைச் சட்டம் கொதிகலன்களுக்குப் பரிசோதனை விதித்திருப்பது மனித உயிர்களை எண்ணியே. எரிந்த உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாய் எஞ்சும். அது பறந்தால் அயலவரின் நெஞ்சைக் கெடுக்கும், பிடித்து வைத்தால் செங்கல்லுக்கும் சீமெந்துக்கும் உதவும். இரு போகங்களுக்கும் இடையே உமி குறையும் காலத்திற்கு விறகு வேண்டும். அதற்கும் வழி நம் வேலியிலேயே நிற்கிறது. தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிராகச் சீமைக்கிளுவை 2005இல் அறிவிக்கப்பட்டது. வெட்ட வெட்டத் தழைக்கும் அம்மரத்தின் இலை ஆட்டுக்கும் வயலுக்கும் ஆகும். தடி கொதிகலனுக்கு ஆகும்.

இங்கே கமக்காரர் ஒரு கேள்வி கேட்கலாம்: ஆலைக்காரருக்கு மின்சாரம் மலிந்தால் எமக்கு என்ன? நியாயமான கேள்வி. உமிக்கு மதிப்பில்லாத காலத்தில் அது எவருடையது என்று எவரும் கேட்டதில்லை. அதற்கு மதிப்பு வரும் நாளில் கேட்டேயாக வேண்டும். இவ்விடயத்தில் மொரீசியஸ் தீவு நமக்கு ஒரு பாடம். அங்கே கரும்பாலைகள் சக்கையை எரித்து, தம் தேவை போக மிகுந்த மின்சாரத்தை 1950களின் பிற்பகுதி தொட்டே நாட்டுக்கு விற்றுவந்தன. பின்னர் அத்தொழில் வளர்ந்தபோது, சக்கையின் விலையில் கரும்பு பயிரிட்டோருக்கும் பங்கு சேரும்பொருட்டுத் தனி நிதியொன்று அங்கே அமைக்கப்பட்டது. நம்மைப் போன்றே நிலக்கரியும் எண்ணெயும் இல்லாத சிறு தீவு அது. கரும்புச் சக்கைக்கு அங்கே இயன்றது, நெல் உமிக்கு இங்கே ஏன் இயலாது?

இனி, அரசியல் பக்கத்துக்கு வருவோம். மின்சாரம் கொழும்பின் விடயம், நாம் என்ன செய்ய முடியும் என்று கூறுவோர் நம்மிடையே உளர். அரசியல் யாப்பை அவர்கள் எடுத்துப் படிக்கட்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மாகாணப் பட்டியலிலே, மாகாணத்தினுள் மின்சக்தி பிறப்பிக்கும் இடங்களையும் வசதிகளையும் அபிவிருத்தி செய்து நிர்வகிக்கும் விடயம் சேர்க்கப்பட்டிருக்கிறது. விலக்கப்பட்டவை இரண்டே: நீர்மின்சாரம் ஒன்று, தேசிய மின்வலையமைப்புக்கு ஊட்டப்படும் மின்சாரம் மற்றொன்று. தன் வளவிலே ஆக்கித் தன் வளவிலே பயன்படுத்தும் ஆலையின் மின்சாரம் இவ்விரண்டிலும் அடங்குமா? அடங்காது. பட்டியலிலே எழுதிக் கொடுத்த அதிகாரத்தை நம் மாகாணங்கள் எத்தனை முறை எடுத்துப் பார்த்தன? கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இலும் வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018இலும் முடிந்தன. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலை ஒத்திவைத்த அரசுகளின் குற்றம் பெரிது. சபை இருந்த நாட்களில் இதனைப் பயன்படுத்தாத நம் பிரதிநிதிகளின் குற்றமும் சிறிதன்று. இல்லாத அதிகாரத்துக்காகக் குரல் எழுப்புவோர், இருக்கும் அதிகாரத்தைத் துருப்பிடிக்க விடலாகாது.

மத்திய அரசிடமும் நாம் கேட்பது சலுகையன்று, தெளிவு. மின்சார சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்க வழிசெய்யும் மின்சாரச் சட்டம் 2024இல் நிறைவேறியது. சபை எத்தனை கூறானாலும், ஆலைக்காரன் அறிய விரும்புபவை மூன்று: தன் தேவைக்கு மின்சாரம் ஆக்க எவரிடம், எத்தனை நாளில் அனுமதி பெறலாம்? மிகுந்ததைக் கொடுத்தால் என்ன விலை கிடைக்கும்? வெளிக் கம்பி செத்திருக்கும்போது தன் ஆலையைத் தனித்து ஓட்டுவதற்கு எந்தப் பாதுகாப்பு ஏற்பாடுகள் வேண்டும்? விவசாயக் கழிவில் பிறக்கும் மின்சாரத்துக்கும், வீணாகும் வெப்பத்தில் பிறக்கும் மின்சாரத்துக்கும் தனித்தனி விலை வகுத்த அனுபவம் இந்நாட்டு நிர்வாகத்துக்கு முன்னரே உண்டு. சூரிய மின்சாரம் இல்லாத மாலை வேளையில் ஆலை தரும் மின்சாரத்துக்குக் கூடிய விலை கொடுப்பது அரசுக்கும் இலாபமே. அந்நேரத்திலேதான் அரசு விலை மிகுந்த எண்ணெயை எரிக்க நேர்கிறது.

ஆயினும் எல்லாவற்றையும் அரசிடமே விட்டுக் காத்திருப்பது நமக்கு அழகன்று. மூளாயிலே கூட்டுறவு முறையில் ஆஸ்பத்திரி கண்ட மக்கள் நாம். தனி ஆலை ஒன்றால் தாங்கவியலாத முதலைப் பல ஆலைகளும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்து தாங்கலாம். அவிப்பதும் உலர்த்துவதும் ஒரே வளவில் நடக்க, சுற்றியுள்ள சிற்றாலைகள் அங்கே நெல்லைக் கொண்டுவரலாம். சங்கத்திலே கமக்காரரும் பங்காளராக இருப்பாராயின் உமியின் விலை எவருக்கு என்ற வழக்கும் அங்கேயே தீரும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் அருகருகே இருக்கின்றன. அவற்றைச் சூழ வயல்களும் ஆலைகளும் இருக்கின்றன. ஒரேயோர் ஆலையில் இம்முறையை நிறுவி, ஓராண்டு ஓட்டி, வரவு செலவுக் கணக்கை ஒளிவின்றி மக்கள்முன் வைப்பதற்கு இதனினும் வாய்ப்பான இடம் எது? புலம்பெயர்ந்த நம் பொறியியலாளரும் முதலீட்டாளரும் ஊருக்கு என்ன செய்யலாம் என்று அடிக்கடி வினவுகின்றனர். கோபுரத்துக்கு ஒரு கலசம் கொடுப்பவர் ஆலைக்கு ஒரு சுழலியும் கொடுக்கலாம்.

அரிசி ஆலையோடு இது முடிந்துவிடுவதுமில்லை. டீசல் மின்பிறப்பாக்கியை நாள்தோறும் ஓட்டியே தீரவேண்டிய ஆஸ்பத்திரியும் ஹோட்டலும் அதன் புகைவெப்பத்தில் வெந்நீர் பெறலாம். தக்க பொறி இருப்பின் அவ்வெப்பத்தைக் கொண்டே குளிரூட்டவும் கூடும். எங்கே அடுப்பு எரிகிறதோ அங்கெல்லாம் இக்கேள்வியைக் கேட்க வேண்டும்: இவ்வெப்பத்தால் நாம் கொள்ளும் பயன் எவ்வளவு, காற்றிலே விடுவது எவ்வளவு?

போர்க்காலத்தில் தேசிய மின்வலையமைப்பிலிருந்து அறுபட்டிருந்தபோது, துவிச்சக்கர வண்டியின் டைனமோவை மிதித்து வானொலி கேட்ட மக்கள் யாழ்ப்பாணத்து மக்கள். ஜாம் போத்தலில் மண்ணெண்ணெயைத் துளித்துளியாய்ச் சிக்கனம் செய்து, அவ்வொளியிலே பிள்ளைகளைப் படிக்கவைத்த மக்கள். நெருக்கடி கற்பித்த அந்தத் தன்முயற்சி, கம்பி வந்து சேர்ந்ததும் உறங்கிவிடலாமா? அடுத்த பெரும்போக நெல் ஆலைக்கு வருமுன் ஆலைச் சங்கங்களும் கமக்கார அமைப்புகளும் கூட்டுறவாளரும் பொறியியலாளரும் ஓரிடத்தில் கூடட்டும். எந்த ஆலையில் தொடங்குவது, முதல் எவரிடம் திரட்டுவது, கமக்காரரின் பங்கு எவ்வளவு என்ற மூன்றையும் அக்கூட்டத்திலே தீர்மானிக்கட்டும். உமி காத்திருக்கிறது, இன்னொரு பங்குனி இருளுக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை.