மெதுவாக ஓட்டினால் மரமும் கருகும், இலாபமும் கருகும்

தளபாடத் தொழிலில் உள்ள நம்மவர்கள் சிலர் கணினியால் இயங்கும் ரவுட்டர் இயந்திரங்களை வாங்கியுள்ளனர். ஆனால், "மெதுவாக ஓட்டினால் வேலை சுத்தமாக வரும், கட்டரும் நீடிக்கும்" என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை. இது நட்டத்துக்கே வழி.

கணக்கு எளிதானது. கட்டர் நகரும் வேகத்தைச் சுற்று வேகத்தாலும் வெட்டு முனைகளின் எண்ணிக்கையாலும் வகுத்தால், ஒரு முனை ஒரு தடவையில் சீவும் கனம் கிடைக்கும். நிமிடத்துக்கு 18,000 தடவை சுழலும் இருமுனைக் கட்டரை நிமிடத்துக்கு 1 மீற்றர் மாத்திரம் நகர்த்தினால், அந்தக் கனம் 0.03 மில்லிமீற்றரும் இல்லை. அப்போது முனை வெட்டுவதில்லை, உராய்கிறது. சீவலுக்குப் பதிலாகத் தூள் வருகிறது. மரம் கருகி, கட்டரும் மழுங்குகிறது. வேகம் 5 மீற்றரானால் கனம் சுமார் 0.14. விழும் சீவலே சூட்டைக் கொண்டுபோய்விடும். இயந்திரம் அந்த வேகத்தைத் தாங்காதா? சுற்றைக் குறையுங்கள்.

அதற்காகக் கண்மூடித்தனமாக வேகத்தைக் கூட்டவும் கூடாது. மெல்லிய கட்டர் முறியும், மரத்தின் விளிம்பு பிய்யும். பெரிய விட்டமுள்ள கட்டருக்குச் சுற்றைக் குறைத்தே ஆகவேண்டும்.

கருகிய விளிம்பைத் தேய்த்தெடுக்கும் கூலியும் புதிய கட்டரின் விலையும் முதலாளியின் இலாபத்திலிருந்தே போகின்றன. கட்டர் வாங்கும்போதே உரிய அளவைக் கேட்டறியுங்கள். எந்த மரத்துக்கு எந்த வேகம் பொருந்தியது என்பதை ஒரு கொப்பியில் குறித்து இயந்திரத்தருகே வையுங்கள். இயந்திரத்துக்கு இலட்சங்களைக் கொட்டும் நாம், இந்தச் சிறு கணக்கில் அலட்சியமாக இருக்கலாமா?