பள்ளிச் சிறாரும் குறுங்காணொளிப் போட்டியும்

பள்ளிச் சிறார்க்குக் கட்டுரைப் போட்டி உண்டு. பேச்சுப் போட்டி உண்டு. கோலப் போட்டியும் உண்டு. வீடியோ என மக்கள் வழங்கும் காணொளியொன்றைத் தாமே இயற்றிக் கொணர்க என அவர்களை அழைக்கும் போட்டி மட்டும் நம் பக்கத்துப் பள்ளிகளில் அருகியே காணப்படுகின்றது. அங்ஙனம் அழைப்பது தகுமோ என ஆசிரியர் சிலரை வினவினோமாக, "இருக்கின்ற கைப்பேசித் தொல்லை போதாதோ?" என்பதே அவர் பெரும்பாலும் தந்த விடை. அவ்விடையை எளிதில் ஒதுக்கிவிடுதல் இயலாது. ஆயினும் அத்தொல்லைக்கு மருந்துகளுள் ஒன்று அப்போட்டியே என்பது எமது துணிபாதலின், அதனை ஈண்டுச் சிறிது விரித்துரைக்க முற்பட்டோம்.

முதற்கண் உள்ளதை உள்ளவாறு நோக்குவோம். நாட்டுப்புறப் பிள்ளைகளின் கல்விநிலையை ஆராயும் 'ஏசர்' அறிக்கை 2024-ஆம் ஆண்டிற் கூறுவதாவது: இந்திய நாட்டுப்புறங்களில் 14 முதல் 16 வயதுவரையுள்ள பிள்ளைகளுள் நூற்றுக்கு 82 பேர் ஸ்மார்ட்போனைக் கையாள அறிவர்; அவருள் முந்திய ஒரு வாரத்தில் அதனைக் கல்வியின்பொருட்டுப் பயன்படுத்தியோர் நூற்றுக்கு 57; சமூக ஊடகங்களின்பொருட்டுப் பயன்படுத்தியோர் 76. ஆகவே, கருவி வேண்டுமா வேண்டாவா என்னும் வழக்கு முன்னரே தீர்ந்துபோயிற்று. வாயிலைக் காப்போம் என நாம் திண்ணையில் நிற்க, விருந்தினன் கொல்லைப்புறமாக வந்து நடுக்கூடத்தில் அமர்ந்துவிட்டான். இனி ஆராயத்தக்கது, அவனைக்கொண்டு யாது வேலை வாங்குவது என்பதேயாம்.

2020-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் டிக்டாக் நம் நாட்டில் தடைசெய்யப்பெற்றது. விரலால் மேலே தள்ளித் தள்ளிக் காணும் பழக்கம் அதனோடு ஒழிந்ததோ? வேறு பெயருடைய இடங்களுக்குக் குடிபெயர்ந்ததேயன்றி ஒழிந்திலது. அது காண்பார் தொழில். இயற்றுவார் தொழில் முற்றிலும் வேறு. ஒரு நிமிடக் காணொளியைக் காண்பதற்கு ஒரு நிமிடம் போதும்; இயற்றுதற்கோ ஒரு வாரமும் போதாமற் போகலாம். எதனைக் கூறுவது, எதனை விடுவது, எதனை முன்வைப்பது என்று பிள்ளைகள் எண்ணத் தொடங்குகின்றனர். எண்ணத் தொடங்கியோர் பிறர் இயற்றியவற்றையும் பழைய கண்ணாற் காண்பதில்லை. இவ்விடத்தே வெட்டி ஒட்டியுள்ளனர், இவ்விடத்தே இசையைப் பெய்து நம்மை அழவைக்க முயல்கின்றனர், இவர் கூறுவதற்குச் சான்று காட்டிற்றிலர் எனக் கண்டுகொள்ளுகின்றனர். பொய்க் காணொளிகள் மலிந்த இந்நாளில், பள்ளிப் பருவத்தே இக்கண் திறக்கப்பெறுதல் சிறு பேறன்று.

குறுமை ஒரு குறையென்பாரும் உளர். 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் உடன்பிறந்தார் பொதுமக்களுக்குக் கட்டணம் பெற்றுக் காட்டிய சலனப்படங்கள் பத்து. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 நொடியே ஓடிற்று. ஆலையினின்று தொழிலாளர் வெளிவருதல், குழந்தைக்கு உணவூட்டுதல், தோட்டக்காரன் முகத்தில் நீர் பீச்சுதல் போல்வனவே அவற்றின் பொருள். 1905-ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளியில் இரயில்வே வரைவாளராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர்தோறும் கூடாரம் அடித்துக் காட்டியனவும் சிறு படங்களே. யூடியூபில் 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் ஏறிய முதற் காணொளி, விலங்குக்காட்சிச் சாலையில் யானைகளின் முன் ஒருவர் நின்று பேசுவது, 19 நொடி. பெரிய கலைகளெல்லாம் சிறுமையிற் பிறந்து பின் நீண்டன போலும்.

தமிழ் பயில்வார்க்கு இதிற் புதுமையொன்றுமில்லை. ஏழு சீருள் ஒரு முழுக் கருத்தை அடக்கும் யாப்பு நம்முடையது. நன்னூலாரும் நூலுக்குரிய அழகு பத்தனுள் சுருங்கச் சொல்லுதலை முதலாவதாகவும் விளங்க வைத்தலை அதனை அடுத்தும் வைத்தார். அவர் வகுத்த பத்துக் குற்றங்களுள் முதலிரண்டு யாவையெனின், வேண்டுவதினும் குறைத்துக் கூறுதலும் வேண்டுவதினும் மிகுத்துக் கூறுதலுமாம். இரண்டு நிமிடத்துள் நிதானமாகப் பேசினால் ஏறத்தாழ இருநூறு சொற்களே செல்லும். அவ்விருநூறனுள் இவ்விரு குற்றமும் நேராமற் காத்தல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு எத்துணைப் பெரிய உரைநடைப் பயிற்சி! பத்துப் பக்கக் கட்டுரையில் ஒளித்துக்கொள்ள இடமுண்டு, ஈண்டு இல்லை.

நிற்க. இத்தகைய போட்டிகள் பிறநாடுகளில் எங்ஙனம் நடைபெறுகின்றன என்பதைக் காண்போம். 'பிரேக்த்ரூ ஜூனியர் சேலஞ்ச்' என்னும் உலகப் போட்டி 2015-ஆம் ஆண்டிற் கால்கொண்டது. 13 முதல் 18 வயதுவரையுள்ளார், இயற்பியல், உயிரியல், கணிதம் ஆகியவற்றுள் ஓர் அருங்கருத்தை எளிதில் விளங்குமாறு காணொளியிற் காட்டல் வேண்டும். தொடக்கத்தில் நீண்ட காணொளிகளுக்கும் இடமளித்த இப்போட்டி, பின்னர் அவற்றின் நீளத்தைக் குறுக்கி வரையறுத்தது. வெல்பவர்க்கு 2,50,000 டாலர் கல்வியுதவி. அவர்தம் ஆசிரியர்க்கு 50,000 டாலர். பள்ளிக்கு 1,00,000 டாலர் மதிப்புள்ள ஆய்வுக்கூடம். தொகையின் பெருமையினும் அதனைப் பகுத்த முறையே எம்மைக் கவர்ந்தது. பிள்ளை வெல்லின் ஆசிரியரும் வெல்லுகின்றார். அவ்வாண்டில் ஒன்றும் செய்யாதிருந்த பின்வரிசை மாணவரும் மறு ஆண்டில் அவ்வாய்வுக்கூடத்திற் பயில்கின்றனர். இன்னுமொரு விதி: போட்டியிடுவோர் தம்மோடு போட்டியிடுவோர் சிலரின் காணொளிகளைத் தாமே கண்டு மதிப்பெண் இடுதல் வேண்டும். பிறர் வேலையை நேர்மையாய் எடையிடக் கற்பதும் கல்வியே அன்றோ?

2017-ஆம் ஆண்டில் இப்பரிசைப் பெற்றவர் பிலிப்பைன்ஸ் நாட்டு லெய்த்தே தீவினராகிய ஹில்லரி டயான் ஆண்டலெஸ் என்னும் மாணவி. 2013-ஆம் ஆண்டு நவம்பரில் ஹையான் சூறாவளி சூறையாடிய தீவு அது. முந்திய ஆண்டும் அவர் போட்டியிட்டார். பொதுமக்கள் வாக்கில் முதலிடம் பெற்றும் தலைமைப் பரிசு கிட்டிற்றிலது. மறுபடியும் ஒரு காணொளி இயற்றினார். சார்பியல் கொள்கையை விளக்கி வென்றார். அடுத்த ஆண்டு, 2018-இல், வென்றவர் நம் பக்கத்துப் பெங்களூர் மாணவர் சமய் கோடிகா. உடலுக்குள் ஓடும் இரவு பகற் கடிகாரம் பற்றியது அவர் காணொளி. 2020-இல் வென்ற கனடா நாட்டு மாணவி, குவாண்டம் துகள் தடையை ஊடுருவிச் செல்லும் விந்தையை விளக்க வீடியோ விளையாட்டை உவமையாகக் கொண்டார். தம் வயதினர் கையில் எப்போதும் இருப்பதைக்கொண்டே, அவர் அறியாததை அறிவித்தார். உவமையின் இலக்கணம் இதுவே என எம் தமிழாசிரியரும் ஒப்புவர்.

அமெரிக்க நாட்டில் சி-ஸ்பான் நிறுவனம் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரையுள்ளார்க்கு நடத்திவரும் 'ஸ்டூடன்ட்கேம்' போட்டியின் விதியொன்றை எம் தோழர்கள் கட்டாயம் அறிதல் வேண்டும். பொதுநலத்தைப் பற்றிய செய்திப்படம் ஒன்றைப் பிள்ளைகள் தனித்தோ மூவர்வரை கூடியோ இயற்றுகின்றனர். அதில் தம் கொள்கைக்கு மாறான கொள்கையுடையார் கூற்றும் இடம்பெறல் வேண்டும். நம் பேச்சுப் போட்டிகளில் எதிர்க்கட்சியை இகழ்ந்து கைதட்டல் வாங்கிப் பழகிய நமக்கு இவ்விதி வியப்பளிக்கும். ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றிப் படம் எடுக்கும் பிள்ளை, ஏரிக்கரையிற் குடிசை கட்டியவரிடமும் சென்று, "ஐயா, இங்கே வந்து குடியேறக் காரணம் என்ன?" என்று கேட்கவேண்டியதாகும். கேட்டபின், வகுப்பில் எழுதிய பழைய கட்டுரையை அப்பிள்ளை மறுபடியும் அவ்வாறே எழுதுமோ என்பது ஐயமே.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். அவற்றுள் வலியுடையது, போட்டியிற் செல்வர் பிள்ளைகளே வெல்வர் என்பது. ஓரிடத்து யாம் கண்ட பள்ளிகளுக்கிடையேயான போட்டியில், முதற்பரிசு பெற்ற காணொளி திருமணப் படம் எடுக்கும் ஸ்டூடியோ ஒன்றில் கூலிக்கு இயற்றப்பெற்றது என்பது மேடையேறியோர்க்கெல்லாம் தெரிந்திருந்தது. வானில் பறக்கும் டிரோனால் எடுத்த காட்சிகளைப் பதின்மூன்று வயதுச் சிறுவன் தன் கைவேலையெனக் கூறினான். அன்று மூன்றாம் வரிசையில், உடைந்த கண்ணாடியுள்ள கைப்பேசியால் தாங்களே எடுத்த படத்தோடு வந்திருந்த அரசுப்பள்ளிச் சிறுமியர் இருவர் பேசாது எழுந்து சென்றதைக் கண்டோம். இப்பொழுதோ, நான்கு சொற்களைத் தட்டினால் செயற்கை நுண்ணறிவே காணொளியை வார்த்துத் தருகின்றது, கூலியும் வேண்டா.

இக்குறைக்காகப் போட்டியையே விட்டுவிடல் முறையன்று; விதியைத் திருத்தல் முறை. வெட்டி ஒட்டிய காணொளியோடு, வெட்டாத மூலத் துண்டுகளையும், பிள்ளை தன் கையால் எழுதிய வரைவையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். நடுவர் முன் இரண்டு வினாக்களுக்கு விடைகூறச் செய்தல் வேண்டும்: இக்காட்சியை ஏன் இங்கே வைத்தாய்? எதனை எடுத்தும் விட்டுவிட்டாய்? தானே செய்தவர்க்கு இவ்வினாக்கள் இனிக்கும். செய்யாதவர்க்கு நா எழாது. படத்தின் பளபளப்புக்கு மதிப்பெண் குறைவாகவும், கண்டுபிடித்த செய்திக்கும் கூறிய ஒழுங்குக்கும் மிகுதியாகவும் இடுக. மற்று, நல்ல கருவியினும் நல்ல ஒலியே முதன்மையானது என்பதைப் பலர் அறியார். மின்விசிறியை நிறுத்திவிட்டு, சன்னலை நோக்கி நின்று, கைப்பேசியை வாய்க்கு ஒரு முழத்தில் வைத்துப் பேசினால், விலை மிகுந்த கருவி இல்லாமலே குரல் தெளிவாகும்.

மற்றோர் எதிர்வாதம் பிள்ளைகளின் காப்பைப் பற்றியது. இதில் நாம் விட்டுக்கொடுக்கலாகாது. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதாரைச் சிறார் எனக் கொண்டு, அவர்தம் விவரங்களைக் கையாளப் பெற்றோர் இசைவை வேண்டுகின்றது. பெண் குழந்தைகளின் முகத்தை ஊரறிய வலையில் ஏற்றி, அறியாதார் இடும் குறிப்புகளுக்கு இலக்காக்குதல் போட்டி நடத்துவோர் வேலையன்று. கையும் குரலும் போதும், முகம் வேண்டியதில்லை. விருப்பக்குறி எண்ணிப் பரிசளித்தலும் கூடாது. மாமன் மைத்துனன் மிகுந்தவர் வெல்லும் போட்டியாய் அது முடியும்.

எம் உள்ளத்தை மிகவும் உறுத்துவது மொழியைப் பற்றியதே. அறிவியற் காணொளி எனின் ஆங்கிலத்திலேதான் இயற்றவேண்டும் எனத் தமிழ்வழி பயிலும் பிள்ளைகள் தாமே முடிவுசெய்து ஒதுங்கிவிடுகின்றனர். அவர் ஒதுங்குவதால் இழப்பவர் அவர் மட்டுமல்லர். மட்பானை நீர் ஏன் குளிர்கின்றது, இரவில் கரைத்துவைத்த இட்லி மாவு காலையில் ஏன் பொங்கி நிற்கின்றது என்பவற்றைத் தாய் கேட்டு விளங்கிக்கொள்ளத் தமிழிற் கூறவல்லார் யாவர்? பானையின் நுண்டுளை வழியே கசியும் நீர் ஆவியாகுங்கால் வெப்பத்தை உடன்கொண்டு செல்லுகின்றது. மாவிலோ லியூகோநாஸ்டாக் முதலிய நுண்ணுயிர்கள் கரியமில வாயுவை விட, அது மாவினுள் அகப்பட்டு எழுப்புகின்றது. இவற்றைப் பிள்ளை படித்தது பாடநூலில். தாய் கண்டது அடுக்களையில். இவ்விரண்டையும் இரண்டு நிமிடக் காணொளி ஒன்று இணைக்குமாயின், கலைச்சொல் ஆக்கத்தைப் பற்றி நம் மன்றங்களில் நிகழும் சொற்போர் பலவற்றினும் அது பயன்தரும். பாண்டிநாட்டு ஏரிகளிற் குமிழித் தூம்பு எங்ஙனம் நீரையும் வண்டலையும் வெளியேற்றிற்று என்பதை ஊர் நீர்க்கட்டி வாயிலாகவே கேட்டுப் பதிவுசெய்யும் பிள்ளை, அவரோடு மறைந்துபோகவிருந்த சொற்களையும் காத்தவராகின்றார்.

தமிழ்நாட்டு அரசுப்பள்ளிகளில் 2022-ஆம் ஆண்டில் சிறார் திரைப்பட விழா தொடங்கப்பெற்று, நல்ல படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டும் வழக்கம் ஏற்பட்டது. காணும் பயிற்சிக்கு வித்திட்டாயிற்று. இயற்றும் பயிற்சிக்கு நம்மனோர் கைகொடுத்தல் ஆகாதோ? நம் கல்லூரித் தமிழ் மன்றம் சுற்றுப்புறப் பள்ளிகள் பத்தினை அழைக்கலாம். "எம் ஊரில் ஒன்று எவ்வாறு இயங்குகின்றது" என்பதே பொருளாகுக, காலம் இரண்டு நிமிடம், மொழி தமிழ், மூவர்க்கு ஒரு கைப்பேசி. கைப்பேசி இல்லாக் குழுவிற்கு நம்முள் ஒருவர் தம்முடையதை ஒரு சனிக்கிழமை இரவல் தந்து உடனிருக்கலாம். அன்று மாலைவரை அவர்க்கும் நிம்மதி. வந்த காணொளிகளை வலையில் ஏற்றாமல், கல்லூரி மண்டபத்தில் வெள்ளை வேட்டி கட்டிப் பெற்றோர் முன் காட்டலாம். பரிசு பள்ளி நூலகத்துக்கு நூல்களாகச் செல்லட்டும். பொங்கல் விடுமுறைக்கு முன்னரே அறிவித்துவிடின், விடுமுறையில் ஊரிலிருந்து படம் எடுக்கப் பிள்ளைகளுக்கு நாள் கிடைக்கும். முதலாண்டில் ஒன்பதாம் வகுப்பினரை மட்டும் அழைப்பது நன்று. பத்தாம் வகுப்பினரைக் கேட்டால் எந்தத் தலைமையாசிரியரும் இசையார்.