உரிமத்தை எண்ணினால் மட்டி மிஞ்சிவிடுமா?

முக்குளித்து மட்டி எடுக்கும் தொழில் ஒரு கடற்கரையில் சூடுபிடித்தால், அரசுகள் முதலில் செய்வது உரிமங்களுக்கு உச்சவரம்பு போடுவது. புதியவர்களுக்கு இடமில்லை, இருப்பவர்கள் தொடரலாம் என்று அறிவித்துவிட்டால் வளம் தப்பிவிடும் என்று அதிகாரிகளும், பல சமயம் குளியாளர்களும் நம்புகிறார்கள். ஆள் குறைந்தால் பிடிப்பு குறையும் என்ற கணக்கு இது. கனடாவின் மேற்குக் கரையான பிரிட்டிஷ் கொலம்பியாவில் இந்தக் கணக்கு தப்பாகிப் போனது. கூயிடக் எனும் பெரிய மட்டியை எடுக்கும் தொழில் அங்கே 1976-இல் தொடங்கியது. 1983-இல் உரிமங்கள் 55 என்று முடக்கப்பட்டன. அதன் பிறகு பிடிப்பு ஏறியது. 1987-இல் 5,700 டன்னைத் தொட்டு உச்சத்துக்குப் போனது. ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவிலும் இதே கதைதான். அபலோன் எனும் கடல்நத்தையைக் குளித்து எடுப்பவர்களின் உரிமம் 1960களின் இறுதியிலேயே சுமார் 120 பேருக்கு என்று வரையறுக்கப்பட்டிருந்தது. ஆனாலும் 1980களின் நடுவில் அரசு, மொத்தப் பிடிப்புக்கு வரம்பு வைத்துப் பங்கு பிரிக்கும் ஒதுக்கீட்டு முறைக்கு மாற வேண்டி வந்தது. 1985-இல் 3,800 டன்னுக்கு மேல் வைத்த பிடிப்பு வரம்பை 1989-க்குள் சுமார் 2,100 டன்னுக்கு இறக்கினார்கள்.

ஒரு குளியாளர் எவ்வளவுதான் எடுத்துவிட முடியும், மூச்சும் குளிரும் ஆழமும் தடுக்காதா என்று கேட்கலாம். மூச்சடக்கிக் குளித்த காலத்துக்கு இது பொருந்தும். இப்போதோ படகிலிருந்து குழாய் வழியே காற்று வருகிறது. உடலைக் காக்கக் குளிர்தாங்கும் உடை இருக்கிறது. மணலுக்குள் ஒரு மீட்டர் வரை புதைந்து கிடக்கும் கூயிடக்கை, நீரைப் பீய்ச்சி மணலைக் கிளறி நிமிடங்களில் உருவி எடுத்துவிடுகிறார்கள். படகைப் பெரிதாக்கலாம், கூடுதல் ஆட்களைக் குளிக்க வைக்கலாம். உரிமத் தாளில் எண் மாறாமலே அதன் பின்னால் இருக்கும் பிடிக்கும் திறன் பல மடங்காகிறது. அடைத்த கதவுக்கு உள்ளே நடப்பதை உரிமம் அளப்பதில்லை.

இன்னும் கடுமையான சிக்கல் அந்த உயிரினத்திலேயே இருக்கிறது. கூயிடக் நூறாண்டைத் தாண்டி வாழக்கூடியது. 168 வயதான ஒன்று பதிவாகியுள்ளது. முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மளமளவென வளர்ந்துவிட்டு, பிறகு பருமன் பெரிதாகக் கூடாமல் கிடக்கிறது. குஞ்சுகள் நிலைகொள்வது ஆண்டுக்கு ஆண்டு, இடத்துக்கு இடம் மிகவும் மாறும். ஒரு மட்டித் தளத்தை வழித்துவிட்டால் அது மீளப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அதை உடனே காட்டிக்கொடுக்கும் அடையாளமும் கிடையாது. பல வலைமீன்பிடிகளில் மீன் குறைந்தால் வலை வெறுமையாக வரும். மட்டியும் அபலோனும் திட்டுத்திட்டாக இருப்பதால், ஒரு திட்டைக் காலி செய்த குளியாளர் அடுத்ததற்கு நகர்ந்துவிடுகிறார். நாளுக்குக் கிடைக்கும் எடை அப்படியே இருக்கிறது. 'உரிமம் மாறவில்லை, ஆளுக்கு ஆள் வருமானமும் மாறவில்லை' என்ற நிம்மதியான அறிக்கைகளுக்கு அடியில் திட்டுகள் வரிசையாக ஒழிந்துகொண்டிருக்கக்கூடும்.

நுழைவு அடைபட்டால் உள்ளே இருப்பவர் நிலச்சொந்தக்காரரைப் போல யோசிப்பார் என்பது கேட்க இனிமையான வாதம். யோசிப்பதற்கு அவரிடம் நிலம் வேண்டுமே. இருப்பது தோட்டத்துக்குள் நுழையும் சீட்டு மட்டும். இன்று விட்டுவைத்த மட்டியை நாளை மற்ற 54 பேரில் ஒருவர் எடுத்துவிடுவார் என்றால் விட்டுவைப்பது முட்டாள்தனம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மொத்தப் பிடிப்புக்கு வரம்பு இருந்த காலத்திலும் அது பொதுவாகவே கிடந்ததால், தீர்வதற்குள் எடுத்துவிடும் ஓட்டம்தான் நடந்தது. 1989-இல் ஒவ்வோர் உரிமத்துக்கும் மொத்தத்தில் 55-இல் ஒரு பங்கு என்று பிரித்தார்கள். ஓட்டத்துக்குக் காரணமே இல்லாமல் போனது. ஆண்டு முழுவதும் தேவைக்கேற்ப எடுத்து, ஹாங்காங்கின் உயிர்மட்டிச் சந்தைக்கு நல்ல விலைக்கு அனுப்ப முடிந்தது. பிற்பாடு பிடிப்பு 2,000 டன்னுக்குக் கீழ் இறங்கியும் தொழில் படுக்கவில்லை. கரையிறங்கும் மட்டியை எடைபோட்டுச் சரிபார்ப்பதற்கும் கடலடி ஆய்வுக்கும் உரிமதாரர்களின் சங்கமே பணம் கொடுக்கிறது.

பங்கு பிரித்தால் அது காசுள்ளவர் கைக்குப் போய்விடும் என்ற மறுப்பை ஒதுக்க முடியாது. தாஸ்மேனியாவில் ஒதுக்கீட்டின் உடைமையும் குளிக்கும் உரிமையும் பிரிக்கப்பட்டபின், கடலில் இறங்காத முதலீட்டாளர்கள் பங்கு வைத்திருக்க, குளிப்பவர் கூலிக்கோ குத்தகைக்கோ வேலை செய்யும் நிலை பரவியது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் குத்தகை உண்டு. இது பங்கை யார் வைத்திருக்கலாம், எப்படிக் கைமாற்றலாம் என்ற விதிகளின் கோளாறு. உரிமத்தை மட்டும் எண்ணும் முறை இதைத் தீர்ப்பதில்லை. அந்த உரிமமும் அரிதாகி, விலை ஏறி, கைமாறத்தான் செய்கிறது. உரிமங்களை முடக்குவது செலவில்லாத முதல் படி என்பாரும் உண்டு. முதல் படி என்பதை ஏற்கலாம். 55 என்று நின்றதால்தான் பங்கைப் பிரிக்கவே முடிந்தது. செலவில்லாதது என்பதை ஏற்க முடியாது. பங்கு பிரிக்கும் இரண்டாவது படி வரத் தாமதிக்கும் ஆண்டுகளில், கைமாறும் உரிமத்தைப் புதிதாக வருபவர்கள் கடன்பட்டு வாங்குகிறார்கள். பிடிப்பைப் பாதியாக்கச் சொல்லும் அதிகாரி அப்போது எதிர்கொள்வது குளியாளரையும் அவருடைய வங்கியையும் சேர்த்து.