செல்ஃப் எடுக்காத மோட்டர்

பாக் நீரிணையில் மோட்டர் நின்றுபோன படகு, காற்றும் நீரோட்டமும் இழுக்கிற பக்கம்தான் போகும். 1974ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் வரைந்த எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. அதைத் தாண்டிய பிறகு மோட்டர் கிளம்பவில்லை என்று யாரிடம் நிரூபிப்பது? சாவியைத் திருப்பினால் மோட்டர் ஓடவேண்டும் என்பதை அதனால்தான் உயிர்ப் பிரச்சினையாகப் பார்க்கிறேன்.

ஃபைபர் படகுகளின் சிறிய மோட்டர்கள் பெரும்பாலும் கயிறு இழுத்துக் கிளப்புபவை. குதிரைத்திறன் கூடியவற்றில் 12 வோல்ட் பேட்டரியும், சாவியைத் திருப்பினால் மோட்டரைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டரும் வந்துவிட்டன. செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் புது பேட்டரி வாங்குகிறார்கள். அப்போதும் எடுக்காவிட்டால் செல்ஃப் மோட்டரையே மாற்றுகிறார்கள். கடலில் பாடுபட்ட காசு இப்படிக் கடைக்குப் போகிறது. பழுதோ பல நேரம் ஒரு வயர் முனையில் பூத்த களிம்புதான்.

பாம்பன் கரையில் ஒரு மெக்கானிக் வேலை பார்ப்பதை அருகில் நின்று கவனித்தேன். “பேட்டரி போயிருச்சாண்ணே?” என்று கேட்டான் படகுக்காரப் பையன். “பொறு தம்பி, சாவியத் திருப்பு. என்ன சத்தம் வருதுன்னு கேப்போம்” என்றார். ‘டக்’கென்று ஒரு சத்தம், அதோடு சரி. இன்னும் சில தரம் திருப்பச் சொல்லிவிட்டு, பேட்டரியிலிருந்து மோட்டர் வரை வயர் முனைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனார். எர்த் வயரின் முனை மட்டும் சுட்டது. கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு. செல்ஃப் மோட்டர் இழுக்கும் மின்சாரம் அதிகம். களிம்பு அதை வழிமறிக்கும் இடம் சூடாகிவிடும். உப்புத்தாளால் செம்பு பளிச்சிடத் தேய்த்து, இறுக முடுக்கி, மேலே கிரீஸ் தடவினார். அடுத்த திருப்பில் மோட்டர் எடுத்தது.

சத்தத்தை வைத்துப் பழுதைத் தேடும் வரிசையை ஒவ்வொரு படகுக்காரரும் அறிந்திருக்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் முதலில் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள்; கியரில் இருந்தால் செல்ஃபுக்கு மின்சாரம் போகாதபடி பூட்டு வைத்திருப்பார்கள். பிறகு ஃபியூஸ், சாவி சுவிட்ச். சில மோட்டர்களில் கில் சுவிட்ச் கயிறு கழன்றிருந்தாலும் செல்ஃப் எடுக்காது. ‘டக்’ மட்டும் வந்தால் பேட்டரியிலோ வயர் முனைகளிலோ கோளாறு. அவை சரியென்றால் செல்ஃபுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சோலனாய்டு அல்லது செல்ஃப் மோட்டர். செல்ஃப் விர்ரென்று சுற்றியும் ஃப்ளைவீல் அசையாவிட்டால், பல்சக்கரம் மேலேறிப் பிடிக்கவில்லை. ஃப்ளைவீலைக் கையால்கூடச் சுற்ற முடியாவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம், பிஸ்டன் பிடித்திருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை.

பேட்டரியை அளந்து பார்க்க ஒரு மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான். முழு சார்ஜ் உள்ள பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12க்கு வந்துவிட்டால் ஏறக்குறைய காலி. சாவியைத் திருப்பும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். அப்படியும் விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். விழாமலே செல்ஃப் திணறினால் வயர் முனைகளைத் தேடுங்கள்.

அவசரத்தில் ஸ்குரூடிரைவரை வைத்து சோலனாய்டை நேரடியாக இணைப்பவர்கள் உண்டு. பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். கியரில் கிடக்கும் மோட்டர் அப்படிக் கிளம்பினால் நிற்பவரைக் கடலில் தள்ளிவிடும். அதற்குப் பதில், ஃப்ளைவீலில் சுற்றி இழுக்கும் அவசரக் கயிறு படகில் இருக்கட்டும். நியூட்ரலில் வைத்து, கயிற்றைக் கையில் சுற்றாமல், கைப்பிடியை மட்டும் பிடித்து இழுக்க வேண்டும்.

மீனவர்களுக்கு அரசு மானியத்தில் மோட்டர் தருகிறது; நல்ல காரியம். மோட்டரைக் கையில் கொடுக்கும் நாளிலேயே அதன் மூடியைத் திறந்து, எந்த வயர் எங்கே போகிறது, எந்தச் சத்தத்துக்கு என்ன பொருள் என்று வாங்குபவருக்குச் செய்து காட்ட வேண்டும். மீன்வளத் துறையும் விற்பனையாளர்களும் சேர்ந்தால் அரை நாள் வேலை. மெக்கானிக்கைக் கூப்பிட முடியாத இடத்துக்குப் போகிறவருக்கு, மோட்டரோடு இந்த அறிவையும் சேர்த்துத் தருவதே முழுமையான உதவி.