கொல்லைப்புறத்து ஜீப்புக்கு மறுவாழ்வு

சென்ற திங்கள் இப்பகுதியில் கிணற்று மோட்டாரை வீட்டிலேயே பழுது பார்ப்பது பற்றிக் கண்டோம். இத்திங்கள் அதனினும் பெரியதொரு வேலையை எடுத்துக்கொள்வோம்.

தேனி மாவட்டத்தின் போடி, கம்பம், தேவாரம் பகுதிகளில் விடியற்காலையில் நிற்போர் ஒரு காட்சியைக் காணலாம். இடுக்கி மலையின் ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலையேறும். அப்பகுதியில் தோட்டமும் வியாபாரமும் நடத்திய குடும்பங்கள் பலவற்றில் ஒரு காலத்தில் சொந்த ஜீப் இருந்தது. பாட்டனார் மறைந்தபின் ஓட்டுவாரின்றி அது கொல்லைப்புறம் போய்ச் சேர்ந்தது. தார்ப்பாய்க்கடியில் கோழிகள் அடைகாக்கும் இடமாகவும் ஆயிற்று. இன்று பேரப்பிள்ளைகள், "அத்தா, இதைச் சரி செய்து ஓட்டினால் என்ன?" என்று கேட்கின்றனர். பழைய இரும்புக் கடைக்காரரோ கிலோவுக்கு விலை பேசுகிறார்.

இவ்விருவரில் எவர் பக்கம் சேர்வது? பொறுமையும் ஓரளவு பொருளும் உள்ள குடும்பம் பிள்ளைகள் பக்கம் சேரலாம் என்பதே நம் கருத்து. ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. வேலையை அதற்குரிய வரிசையில் செய்ய வேண்டும். பழைய ஜீப்பைக் கையில் எடுப்போர் பெரும்பாலும் பெயிண்டில் தொடங்கி பிரேக்கில் முடிக்கின்றனர். பிரேக்கில் தொடங்கிப் பெயிண்டில் முடிப்பதே முறையாகும்.

ஜீப் பிறந்த கதை

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவம் இலேசானதொரு நான்கு சக்கர இயக்க வாகனத்தை வேண்டியது. பேன்டம் என்னும் சிறு நிறுவனம் 1940 செப்டம்பரில் முதல் மாதிரி வண்டியைக் கொடுத்தது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் இரண்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளைச் செய்து குவித்தன. போர்முனையில் சாதாரணச் சிப்பாயும் பழுது பார்க்கும் வண்ணம் அமைந்தது அதன் உருவம். தகடுகள் பெரும்பாலும் தட்டையானவை. போல்ட்டுகள் கைக்கு எட்டுபவை. வீட்டு முற்றத்தில் இவ்வேலை இன்றும் சாத்தியமாவதன் இரகசியம் அதுவே.

இந்தியாவில் ஜீப் என்றதும் மகிந்திரா என்ற பெயர் நினைவுக்கு வரும். அந்நிறுவனம் 1945இல் தொடங்கப்பட்டபோது அதன் பெயர் 'மகிந்திரா அண்ட் முகம்மது' என்பதாகும். ஜே.சி. மகிந்திரா, கே.சி. மகிந்திரா ஆகிய சகோதரர்களுடன் பங்காளியாக இருந்தவர் மாலிக் குலாம் முகம்மது. நாட்டுப் பிரிவினைக்குப்பின் அவர் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகி, 1951இல் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948இல் நிறுவனத்தின் பெயர் மகிந்திரா அண்ட் மகிந்திரா என மாறிற்று.

நம் ஊர்க் கொல்லைகளில் கிடக்கும் பழைய பெட்ரோல் ஜீப்புகளில் பல, 1953இல் வில்லிஸ் வெளியிட்ட சி.ஜே. 3பி என்னும் வகையைச் சேர்ந்தவை. முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் இடையே 80 அங்குலம் இருக்கும். முந்தைய எஞ்சினைவிட உயரமான எஞ்சினைப் பொருத்தியதால் பானெட்டும் உயர்ந்தது. உயர்ந்த நெற்றியைக் கொண்டே இவ்வகையை அடையாளம் காணலாம்.

முதல் வேலை ஸ்பானரில் இல்லை

பாட்டனார் பெயரில் உள்ள ஜீப் அவர் விட்டுச் சென்ற சொத்தாகும். வீடும் நிலமும் வாரிசுகள் அனைவருக்கும் உரியவை என்றால் இதுவும் அவ்வாறே. மனைவிக்கும் மகள்களுக்கும் இதில் பங்குண்டு. 'பழைய இரும்புதானே' என்று எவரையும் கேளாமல் ஒருவர் பெரும் பணத்தைச் செலவிட்டு, வண்டி பளபளப்பாக வெளியே வந்தபின் உரிமைப் பேச்சு எழுந்தால், சரி செய்யப்பட்டது ஜீப்பாகவும் பழுதடைந்தது உறவாகவும் முடியும். ஆகவே வாரிசுகளைக் கூட்டி, வண்டிக்கு இன்றைய நிலையில் ஒரு மதிப்பிட்டு, பங்கைக் கொடுத்தோ ஒப்புதல் பெற்றோ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மணமாகி வெளியூர் சென்ற சகோதரியின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும்.

அடுத்தது ஆர்.சி. புத்தகம். உரிமையாளர் மறைந்தால், வண்டியை வைத்திருக்கும் வாரிசு 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதங்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். பல ஆண்டுகள் கடந்திருப்பின் அலுவலகம் சென்று அபராதம், வரி நிலுவை ஆகியவற்றை முன்கூட்டியே கேட்டறியுங்கள். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணமும் 2022 ஏப்ரல் முதல் உயர்ந்துள்ளது.

சேஸில் பொறித்துள்ள எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் ஒன்றாயிருப்பது மிக முக்கியம். துருவை நீக்குகிறேன் என்று கிரைண்டரை அவ்விடத்தில் வைத்துவிடாதீர்கள். எண் அழிந்தால் வண்டியின் முகவரியே அழிந்ததாகும். அரியானாவின் டப்வாலி போன்ற ஊர்கள் உதிரிகளைக் கொண்டு ஜீப் கட்டித் தருவதில் பேர் பெற்றவை. எவ்வூரில் கட்டிய வண்டியாயினும் எண் பொருந்தாவிடில் வாங்காதீர்கள். வண்டியின் அமைப்பைக் கம்பெனி நிர்ணயித்ததற்கு மாறாக மாற்றுவது கூடாதென உச்ச நீதிமன்றம் 2019இல் தெளிவுபடுத்தியுள்ளது. எனவே மறுவாழ்வு கொடுங்கள். மறுபிறவி கொடுக்க முனையாதீர்கள்.

பிரிக்குமுன் கவனம்

வேலைக்குக் கெட்டியான சமதளம் வேண்டும். வண்டியைத் தூக்கியபின் செங்கல்லை முட்டுக் கொடுப்பது பெருந்தவறு. செங்கல் எச்சரிக்கையின்றி நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டுகளே தேவை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது.

இவ்வண்டியின் கை பிரேக் பற்றிப் பலரும் அறியாத உண்மை ஒன்றுண்டு. கார்களில் கை பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களைப் பிடிக்கும். பழைய ஜீப்பிலோ அது டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம், புரொபெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கினாலோ, ஷாஃப்டைக் கழற்றினாலோ கை பிரேக் பிடிமானம் இழக்கும், வண்டி உருண்டுவிடும். எனவே தரையிலுள்ள சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்த பின்னரே ஜாக்கியைத் தொடுங்கள். சிறு பிள்ளைகள் விளையாடும் வீட்டில் இது உயிர்ப் பிரச்சினை.

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் முன்னதாகக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாக்களில் இட்டுப் பெயர் எழுதி ஒட்டுங்கள். கணக்கும் குறிப்பும் எழுதும் பணியை வீட்டுப் பிள்ளைகளிடம், பெண் பிள்ளைகளிடமும், ஒப்படையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பூட்டும்போது அக்குறிப்பேட்டின் அருமை புரியும்.

முதலில் நிற்கட்டும்

உடலைத் தூக்கி வைத்ததும் சேஸைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற ஓசை நல்ல இரும்பைக் காட்டும். மந்தமான ஓசை உள்ளே துரு அரித்திருப்பதைக் காட்டும். பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடங்களிலும் பின் குறுக்குச் சட்டத்திலும் கூடுதல் கவனம் தேவை. அவ்விடங்களில் வெல்டிங் செய்வதைத் தேர்ந்த கைகளிடமே விட வேண்டும்.

பிரேக்கிற்கு வருவோம். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகள். நான்குக்கும் எண்ணெயை அனுப்புவது ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சுற்று. இக்காலக் கார்களில் இரு சுற்றுகள் இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும். இதில் ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களும் ஒருங்கே கைவிட்டுவிடும். மலைச்சாலை வளைவில் இதன் பொருள் யாதென விளக்க வேண்டியதில்லை. ஆகவே சிக்கனம் இங்கே வேண்டாம். இரும்புக் குழாய்கள், ரப்பர் ஹோஸ்கள், மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், லைனிங் யாவற்றையும் புதிதாகவே போடுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அத்தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அது நுரையீரலுக்குப் பகை.

பூட்டி முடித்துக் காற்றை வெளியேற்றியபின், பெடலை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். பெடல் சிறிது சிறிதாகக் கீழிறங்கினால் எங்கோ கசிவு உண்டு. அதைக் கண்டறியும்வரை அடுத்த வேலைக்குச் செல்லாதீர்கள். ஸ்டியரிங் பெட்டி, டை ராடு முனைகள், முன் சக்கரக் கிங் பின்கள் ஆகியவற்றின் ஆட்டத்தையும் இந்நிலையிலேயே தீர்த்துவிட வேண்டும்.

பிறகு ஓடட்டும்

நெடுநாள் நின்ற எஞ்சினை பேட்டரி கொடுத்து செல்ஃப் போட்டுப் பார்ப்பதே பலர் செய்யும் முதல் காரியம். துருவேறிய பிஸ்டன் சிலிண்டரைக் கீறிவிடுவது அப்போதுதான். பிளக்குகளைக் கழற்றி, துளை வழியே சிறிது எண்ணெய் விட்டுச் சில நாட்கள் ஊற வையுங்கள். பின் கிராங்க் கைப்பிடியால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதி கவலை தீர்ந்தது. சுற்றாவிடில் பலத்தைக் காட்டாமல் ஹெட்டைக் கழற்றுங்கள்.

இந்த எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் உட்செல்லும் வால்வு ஹெட்டில் இருக்கும். புகை வெளியேறும் வால்வு பிளாக்கில் பக்கவாட்டில் இருக்கும். ஹெட்டை மட்டும் சரி பார்த்துவிட்டுப் பக்க மூடியைத் திறவாமல் விட்டால் பாதி வால்வுகளைப் பாராமல் விட்டதாகும். சிலிண்டர் அளவெடுப்பதும் கிராங்க் கடைவதும் லேத் பட்டறையின் வேலை. வீட்டில் முடிந்ததை வீட்டிலும் பட்டறைக்குரியதைப் பட்டறையிலும் செய்வதே அறிவுடைமை. பிளக் வயர்களை மாட்டும்போது எரியும் வரிசை 1-3-4-2 என்பதை நினைவில் வையுங்கள்.

இன்று நாடெங்கும் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். இவ்வண்டியை வடிவமைத்தோர் கனவிலும் காணாதது அது. பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்பின் டயாபிரத்தையும் எத்தனால் இளக்கிவிடும். எத்தனாலைத் தாங்கும் வகையைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். எத்தனால் ஈரத்தையும் ஈர்ப்பதால், டாங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேக்கி வைக்க வேண்டாம்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் பற்றி ஒரு சொல். நான்கு சக்கர இயக்கம் சேறு, மணல், சரளை ஏற்றம் ஆகியவற்றுக்கு மட்டுமே உரியது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடும். அவ்வேறுபாட்டைத் தீர்த்து வைக்கும் நடு டிஃபரன்ஷியல் இதில் இல்லை. தார்ச்சாலையில் அதைப் போட்டு ஓட்டினால் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கித் தேயும்.

இறுதியில் அழகு

டிங்கர் வேலையும் பெயிண்டும் கடைசியில் வரட்டும். இராணுவ ஜீப் போலப் பச்சையடிக்கப் பிள்ளைகள் விரும்புவர். ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியதென்று மத்திய மோட்டார் வாகன விதி கூறுகிறது. வேறு எந்நிறமாயினும் ஆர்.சி.யில் பதிந்துகொள்ளுங்கள்.

செலவைப் பற்றி அறிவுரை இதுவே. ஒதுக்கிய பணத்தை முன்கூட்டியே பங்கிட்டு, பிரேக், ஸ்டியரிங், டயர் மூன்றுக்கும் உரியதைத் தனியே எடுத்து வையுங்கள். எஞ்சின் எவ்வளவு கேட்டாலும் அப்பணத்தில் கை வைக்காதீர்கள். பணம் தீர்ந்தால் வேலையை நிறுத்தலாம். கடன் வாங்கி முடிக்க வேண்டிய அவசரம் இதில் எதுவுமில்லை. இத்தனை ஆண்டுகள் காத்திருந்த வண்டி இன்னும் ஓராண்டு காத்திருக்கும்.

வேலை முடிந்ததும் முதல் ஓட்டம் ஓட்டுநர் ஒருவருடன், சமதரையில், குறைந்த வேகத்தில் அமையட்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடி, போல்ட்டுகளை மீண்டும் இறுக்கி, பிரேக்கை மறுபடி சோதித்தபின் குடும்பத்தை ஏற்றுங்கள். ஜீப் உயரமானது, அகலம் குறைந்தது. காரைப்போல் வளைவில் விரைந்து திருப்பினால் கவிழும். பக்கவாட்டு இருக்கைகளில் பிள்ளைகளை நெருக்கி அடைக்கவும் வேண்டாம்.

மலையேறும் வண்டி என்று இதைப் புகழ்வர். மலையிலிருந்து பத்திரமாக இறங்கும் வண்டியாகவும் அதை ஆக்கிய பின்னரே உங்கள் வேலை முடிந்தது என்று கொள்ளுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த திங்கள் தையல் இயந்திரப் பராமரிப்பு பற்றிக் காண்போம்.