கல்லானாலும் கணவனா?

"கல்லானாலும் கணவன்" என்று உபதேசித்தவர்கள், அந்தக் கல் தலையிலே விழுந்தால் என்ன செய்வதென்று மட்டும் சொல்லவில்லை!

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலே பகலெல்லாம் உழைப்பவள் இரவிலே உதைபடுகிறாள். 'பொறுத்துக்கொள் அம்மா' என்று போதிக்க ஊரே திரளுகிறது. தப்பும் வழியை அவள் முன்னரே எண்ணிவைத்தாலோ, 'குடும்பத்தைக் குலைக்கத் திட்டமிட்டவள்' என்று தூற்றுகிறது. தீப்பிடிக்குமுன் வாசலைப் பார்த்துவைப்பவனை வீட்டைக் கொளுத்தியவன் என்பரோ?

திட்டமிடட்டும் என்கிறோம் நாம். ஆதார், குடும்ப அட்டை, சான்றிதழ்கள் இவற்றின் நகல்களும், சிறிது பணமும், மாற்றுடையும், பிள்ளையின் மருந்தும் ஒரு பையிலே, நம்பிக்கையான வீட்டிலே இருக்கட்டும். சச்சரவு மூண்டால் அரிவாள்மனையும் அடுப்பும் உள்ள சமையற்கட்டைவிட்டு வாசற்பக்கம் நகரட்டும். பிள்ளைகளுக்கு 181, 112 என்ற எண்கள் மனப்பாடமாகட்டும். திருப்பாவை பிறகு ஆகட்டும்! 'போகிறேன்' என்று அறிவித்துவிட்டுப் போகவேண்டாம். அவள் விலகும் வேளையிலேதான் ஆதிக்கக் கை மிகக் கொடூரமாக ஓங்குகிறது.

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையிலுள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீடு அவன் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையை அவளுக்கு அளிக்கிறது. உயிர்காக்க ஓரிரவு வெளியேறியதால் அந்த உரிமை அழிந்துவிடாது. நீதிபதியின் பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டுவரை சிறை.

1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டிலே பெண்ணுக்குச் சொத்துரிமையும் மணவிலக்குரிமையும் வேண்டுமென்று தீர்மானித்த இயக்கம் நமது. ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் மேடையேறி முழங்கிவிட்டு, அடுத்த வீட்டு அலறல் கேட்டதும் 'அவர்கள் குடும்ப விவகாரம்' என்று கதவைச் சாத்தும் தோழரே, உம்மைக் கேட்கிறோம்: அந்தப் பையை உமது வீட்டிலே வைத்துக்கொள்வீரா?