தாக்கியது யார்?

"விஷவாயு தாக்கி மூவர் பலி."

இந்த வாக்கியத்தை நம் பத்திரிகைக்காரர்கள் நிரந்தரமாக அச்சுக் கோத்து வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. ஊர்ப் பெயரையும் எண்ணிக்கையையும் மாற்றினால் போதும். அடுத்த செய்தி தயார். நாமும் காலைக் காப்பியோடு அதைப் படித்து, "ஐயோ பாவம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். அதனால் வார்த்தைகள் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. 'தாக்கி' என்ற இந்தச் சொல்லைப் பல நாளாக முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புலி தாக்கும், பகைவன் தாக்குவான். தொட்டிக்குள் தன்பாட்டுக்கு அடைந்து கிடக்கிற வாயு எழுந்து வந்து ஒரு மனுஷனைத் தாக்குமா? நாமல்லவா மனுஷனை அதனிடம் இறக்கி அனுப்புகிறோம்?

2022 ஏப்ரல் 21. மதுரை பழங்காநத்தம், நேரு நகரில் உள்ள கழிவுநீர் உந்து நிலையத்தில் மோட்டார் வேலைக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் மூன்று பேர் தொட்டிக்குள்ளேயே இறந்தார்கள். ஒருவர் விழ, அவரைத் தூக்கப் போனவர்களும் திரும்பவில்லை. கோச்சடையில் என் வீட்டிலிருந்து அது அப்படி ஒன்றும் தூரமில்லை. மறுநாள் பேப்பரில் அதே வாக்கியம். குற்றவாளி வாயு, வாயுவைக் கோர்ட்டில் நிறுத்த முடியாது. எவ்வளவு சௌகரியம் பாருங்கள்!

அந்த வாயுவோடு எனக்கும் கொஞ்சம் பழக்கம் உண்டு. அதன் பெயர் ஹைட்ரஜன் சல்பைடு. கல்லூரியில் நான் ரசாயனம் படித்தது கொஞ்ச காலம்தான். ஆனாலும் கிப் உபகரணத்தில் இரும்பு சல்பைடைப் போட்டு, அமிலத்தை விட்டு, அந்த வாயுவை உண்டாக்கியது நன்றாக நினைவிருக்கிறது. உப்புகளில் என்ன உலோகம் இருக்கிறதென்று கண்டுபிடிக்க அது உதவும். அழுகின முட்டை நாற்றம். எங்கள் ஆசிரியர் முதலில் ஜன்னல்களைத் திறப்பார், பிறகுதான் பாடம். "நாறுகிற வரைக்கும் நண்பன். நாற்றம் நின்றால் ஓடு" என்பார்.

அதுதான் அதன் குணத்திலேயே கொடிய குணம். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு கூட வேண்டாம், மூக்கு கண்டுபிடித்துவிடும். நூறு பங்கைத் தாண்டினால் சில நிமிஷங்களில் மூக்கு மரத்துப்போகிறது. உள்ளே நிற்கிறவன் 'நாற்றம் போய்விட்டது' என்று நினைப்பான். ஆயிரத்தை எட்டினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவான். காற்றைவிடச் சற்றுக் கனமானதால் பள்ளத்தில் தங்கும். மலச் சேற்றுக்குள் கரைந்தும் குமிழாகவும் அடைபட்டுக் கிடந்து, கலக்கிவிட்டதும் குபீரென்று கிளம்பும்.

இதெல்லாம் யாருக்கும் தெரியாத ரகசியமா? இதே வாயுவை நம் தேசத்தில் டன் கணக்கில் வைத்து வேலை வாங்குகிறார்கள். தெலங்கானாவில் மணுகுருவிலும் ராஜஸ்தானில் ராவத்பாட்டாவிலும் அணு உலைகளுக்கான கனநீரைப் பிரித்தெடுக்க இந்த வாயுதான் பயன்படுகிறது. அங்கே காற்றை ஓயாமல் சோதிக்கும் கருவிகள், சுவாசக் கவசங்கள், கசிந்தால் அலறும் மணிகள். குளோரினை எடுத்துக்கொள்ளுங்கள். 1915ல் பெல்ஜியத்தில் ஈப்ர என்ற ஊரருகே போர்க்களத்தில் ஆயிரக்கணக்கான சிப்பாய்களின் நுரையீரலை அரித்த விஷம் அது. இன்று ஊர்க் குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும்படி அளந்து கலந்து, காலராவைத் துரத்துகிறோம். நம் வீட்டுக் கக்கூஸ் குழாய் பி.வி.சி. என்றால், அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின்தான்.

போபாலில் 1984 டிசம்பரில் வாயு ஜனங்களைத் தேடி வந்தது உண்மை. வந்த பிறகு சட்டங்கள் எழுந்தன; 1986ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், மறு வருஷம் தொழிற்சாலைச் சட்டத்தில் திருத்தம். வாயு மதில் தாண்டி நம் பக்கம் வந்தால் விஞ்ஞானமும் சட்டமும் விழித்துக்கொள்கின்றன. மனுஷன் மூடியைத் திறந்து அதன் பக்கம் போனால் இரண்டும் தூங்குகின்றன. ஏன்? போகிற மனுஷன் இன்ன தெருவில், இன்ன சாதியில் பிறந்தவன் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

ஊரைச் சொல்கிறேனே, என்னைச் சொல்ல வேண்டாமா? சில வருஷங்களுக்கு முன் என் வீட்டு செப்டிக் டாங்க் நிரம்பிவிட்டது. லாரி வந்து நீரை உறிஞ்சியது, அடிச்சேறு அசையவில்லை. லாரியோடு வந்தவர் சொன்னார்: "அடியில கெட்டியா நிக்கிது சார். உள்ளாற எறங்கிக் கலக்கி விட்டாத்தேன் வரும். ஐந்நூறு சேத்துக் குடுங்க."

"ஆபத்தில்லையா?"

"பழக்கந்தேன் சார்."

பக்கத்து வீட்டுப் பெரியவர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "தம்பி, தீக்குச்சியக் கொளுத்தி உள்ள போடச் சொல்லுங்க. அணையாம எரிஞ்சா ஒண்ணும் பயமில்லை" என்றார்.

குச்சி அணையாமல் எரிந்தது. நான் ஐந்நூறை முந்நூறாகக் குறைத்தேன். அவர் இறங்கினார். பத்து நிமிஷத்தில் ஏறியும் வந்துவிட்டார். கை கால் கழுவத் தண்ணீர் கேட்டார். செடிக்கு விடுகிற குழாயைத் தள்ளி நின்று நீட்டினேன். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

பிறகுதான் புத்தகத்தைப் புரட்டினேன். தீக்குச்சிக்குத் தெரிந்தது பிராணவாயு மட்டுமே. ஆளைக் கொல்ல ஆயிரத்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன் சல்பைடு போதும். அந்தக் காற்றில் சுடர் கொஞ்சமும் ஆடாது. உள்ளே மீதேன் தக்க அளவில் சேர்ந்திருந்தால் அந்தக் குச்சியாலேயே தொட்டி வெடித்திருக்கும். அவர் பிழைத்தது என் அறிவாலும் அல்ல, கருணையாலும் அல்ல. அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டம் தவறியிருந்தால், 'விஷவாயு தாக்கி ஒருவர் பலி' என்று போட்டிருப்பார்கள். என் பெயர் அதில் வந்திருக்காது.

ஆனால் சட்டத்தில் என் பெயர் இருக்கிறது. 2013ம் வருஷச் சட்டம் மாநகராட்சியை மட்டும் சொல்லவில்லை. எந்தத் தனி மனிதனும், தக்க பாதுகாப்பு இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டாங்கிலோ இறக்கக் கூடாது என்கிறது. முதல் குற்றத்துக்கு இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். செத்தவர் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு நிர்ணயித்தது. நான் முந்நூறு கொடுத்தேன்.

"அவர்களே சம்மதித்துத்தானே இறங்குகிறார்கள்?" என்பார்கள். பசியின் சம்மதத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது நமக்குக் கைவந்த கலை. "கருவிகளுக்கெல்லாம் காசு?" என்பார்கள். நாலு வாயுக்களை ஒருங்கே அளக்கிற கையடக்க மானியின் விலை, நாம் சட்டைப் பையில் செருகிக்கொண்டு திரிகிற கைபேசியின் விலையை ஒட்டியதுதான். லாரிக்கு ஒன்று வைத்தால் தொழில் முழுகிவிடாது. மானிகூட வேண்டாத வழியும் இருக்கிறது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை தவறாமல் உறிஞ்சி எடுத்தால் சேறு கெட்டிப்படாது. கெட்டிப்பட்டால் மேலிருந்தே தண்ணீரைப் பீய்ச்சிக் கரைக்கலாம். ஒரு லாரித் தண்ணீர்ச் செலவு கூடும், அவ்வளவே.

மேலே இருப்பவர்களும் வார்த்தையில் ஒளிந்துகொள்கிறார்கள். 2021 ஜூலையில் ராஜ்ய சபையில், கையால் மலம் அள்ளியதால் எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று மத்திய மந்திரி பதில் சொன்னார். சாக்கடைக்குள் இறங்கிச் செத்தவர்கள் வேறு ஜாபிதாவில் இருந்தார்கள்.

பத்திரிகாசிரியர்களே, இனி அந்த வாக்கியத்தைக் கலைத்துப் போடுங்கள். இறக்கியது யார், கூலி பேசியது யார், மானி வைத்திருந்தார்களா என்று கேட்டு எழுதுங்கள். வாசகர்களே, உங்கள் வீட்டுக் கொல்லையிலும் ஒரு மூடி இருக்கிறது. அடுத்த முறை லாரி வந்து, "எறங்கிக் கலக்கணும் சார்" என்று ஒருவர் சொன்னால், "வேண்டாம்" என்று சொல்லுங்கள். அதை அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும்.